பழைய பத்திரிகைப் படங்களைப் பெரிதாக்கினால் ஏன் புள்ளிகளாகத் தெரிகின்றன?

அச்சு இயந்திரத்துக்கு வெளிர் நிறம் தெரியாது. மை பதியும், அல்லது பதியாது, நடுநிலை கிடையாது. அதனால் இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் மெஜந்தா மையைச் சிறு புள்ளிகளாக இட்டு, இடையே தாளின் வெண்மையை விட்டுவிடுவார்கள். கலப்பது நம் கண்தான். இதற்கு ஹாஃப்டோன் என்று பெயர்.

உண்மையான சாமர்த்தியம் கோணங்களில் இருக்கிறது. வண்ண அச்சில் சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள். அவற்றின் புள்ளி வரிசைகள் எல்லாம் ஒரே கோணத்தில் அமைந்தால், இம்மி விலகினாலும் நிறம் மாறிவிடும், அலை அலையான கோலமும் தோன்றும். ஆகவே சியான் 15, மெஜந்தா 75, கறுப்பு 45 பாகை என்று திருப்பி வைப்பது பொதுவான வழக்கம். 45 பாகைச் சாய்வு கண்ணுக்கு மிகக் குறைவாகவே உறுத்தும் என்பதால் அது அடர்ந்த கறுப்புக்கு. மஞ்சளுக்குப் பெரும்பாலும் 0. வெளிறிய மை, பிழை தெரியாது என்ற துணிச்சல்! லென்ஸில் பார்த்தால் குட்டிக் குட்டி ரோஜாக்களைப் போன்ற வளையங்கள் தெரியும்.

சித்திரக்கதைகளில் காணும் ஒரே அளவுப் புள்ளிகள் வேறு வகை. 1879இல் பெஞ்சமின் டே உருவாக்கிய முறை அது. ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் அதையே பெரிதாக்கி வரைந்து புகழ்பெற்றார்.

பழைய இதழ்களை ஸ்கேன் செய்பவர்கள் அதிக ரெசல்யூஷனில் எடுத்து, லேசாக மங்கலாக்கி, பிறகு சுருக்குங்கள். அலைக்கோலம் பெருமளவு மறைந்துவிடும்.