திருவிழாக் கூட்டத்தில் கேமரா ஆடாமல் படம் எடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் திருவிழாவில் இரவுப் படங்கள் கலங்கலாக வருகின்றன, ஸ்டாண்டு வைக்கவும் இடமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஷட்டர் வேகத்தை, அதாவது படம் பதிய ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸுக்குக் குறைந்தது 1/50 வினாடி, 200க்கு 1/200. அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்றுங்கள். அதனால் புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்துவிடலாம், ஆடிய படத்தை முடியாது.

அப்புறம் பிடி. இடது உள்ளங்கை லென்ஸை அடியிலிருந்து தாங்கட்டும், முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை மெல்ல விட்டு, பட்டனை அழுத்துங்கள், குத்தாதீர்கள். தொடர்ச்சியாக மூன்று நான்கு எடுத்தால் நடுவில் ஒன்று தெளிவாக அமையும்.

மதில் கிடைத்தால், அரிசி நிரப்பிய துணிப்பை மேல் கேமராவைப் பதித்து 2 வினாடி டைமர் வையுங்கள். தீ மிதிப்பவர்கள் ஓடும்போது மட்டும் இதெல்லாம் போதாது. ஷட்டரை 1/250 வினாடியைவிட வேகமாக வையுங்கள்.