வாசகர் கேள்வி – பதில்: டார்ட்ஸை நம்பி ஒரு வாழ்க்கையா?

கேள்வி: லண்டனில் வசிக்கும் என் தம்பி அனுப்பிய டார்ட்ஸ் (அம்பெறி விளையாட்டு) பலகையைச் சுவரில் மாட்டிய நாள் முதல், உயர்தர வகுப்பில் படிக்கும் என் மகன் ரியூசனுக்குச் செல்வதில்லை. லூக் லிட்லரைப் போல இதையே தொழிலாகக் கொள்ளப் போவதாகச் சொல்கிறான். இதில் பிழைப்பு உண்டா?
– வாசகி, கொக்குவில்

பதில்: உண்டு, சகோதரி, ஆனால் மிகச் சிலருக்கே. லிட்லர் 2025 ஜனவரியில், 17 வயதில், உலகப் பட்டத்தையும் 5 இலட்சம் பவுண் பரிசையும் வென்றது உண்மையே. எனினும் அவர் நடை பழகும் பருவத்திலேயே அம்பெறியத் தொடங்கியவர்.

உங்கள் மகன் அறிய வேண்டியது பில் டெய்லரின் வரலாறு. தொழிற்சாலையில் பீங்கான் கைபிடிகள் செய்து பிழைத்த அவர், அக்காலத்தின் முதன்மை வீரரான எரிக் பிரிஸ்டோ கொடுத்த 10,000 பவுண் உதவியால்தான் முழுநேர ஆட்டக்காரரானார். 1990இல், 29ஆம் வயதில், அதே பிரிஸ்டோவை 6-1 என வென்று முதல் உலகப் பட்டத்தைப் பெற்றார். பின்னர் மேலும் 15 பட்டங்கள் சேர்ந்தன. ஆகவே உயர்தரப் பரீட்சையை எழுதி முடிப்பதால் எதுவும் கைநழுவிப் போகாது.

பிரிஸ்டோவின் பிற்காலத்தையும் அவனுக்குச் சொல்லுங்கள். ஐந்து முறை உலக வீரரான அவருக்கு, அம்பை விரல்களிலிருந்து விடுவிக்கவே முடியாத ஒரு மனத்தடை ஏற்பட்டது. அதற்குப் பிறகு உலகப் பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை.

பலகையின் நடுப்புள்ளிக்கு 50 புள்ளிகள்தான். இருபதாம் எண் பகுதியில், புள்ளியை மூன்று மடங்காக்கும் ஒடுங்கிய வளையத்தில் பட்டால், அதாவது மும்மடங்கு இருபதுக்கு, 60. ஆட்டம் 501இலிருந்து, எடுத்த புள்ளிகளைக் கழித்தபடி இறங்கி, இரட்டை வளையத்திலோ (புள்ளியை இரு மடங்காக்கும் வெளி வளையம்) நடுப்புள்ளியிலோ சரியாகப் பூச்சியத்தில் முடிய வேண்டும். மீதி 32 என்றால் இரட்டைப் பதினாறைக் குறிவைப்பார்கள். அம்பு வளையத்துக்கு உள்ளே விழுந்து 16 மட்டும் கழிந்தாலும் அடுத்து இரட்டை எட்டு, அதுவும் அவ்வாறே தவறினால் இரட்டை நான்கு என வழி திறந்தே இருக்கும். இந்தக் கணக்கை நொடியில் போடும் தலை வேண்டும். எனக்கு இவ்விளையாட்டில் மிகப் பிடித்ததும் இதுவே.

வருமானத்தில் மாதச் சம்பளம் என்பது கிடையாது. முதன்மைச் சுற்றில், அதாவது உயர்மட்டத் தொழில்முறைப் போட்டித் தொடரில், ஆடும் உரிமை 128 பேருக்கே உண்டு. தரவரிசை இரண்டு ஆண்டுகளில் வென்ற பரிசுப்பணத்தால் கணிக்கப்படுகிறது. பயணச் செலவு பெரும்பாலும் வீரருடையதே. யாழ்ப்பாணத்திலிருந்து செல்பவருக்கு அருகிலுள்ள வாசல் ஆசியச் சுற்று. அதில் முன்னிலை பெறுவோர் உலகப் போட்டிக்குத் தகுதி பெறலாம்.

பலகையைக் கழற்றிவிடாதீர்கள். நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீற்றர் உயரத்திலும், எறியும் கோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீற்றர் தூரத்திலும் உள்ளனவா என அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ரியூசன் முடிந்து வந்தபின் ஒரு மணிநேரம், இரட்டை வளையத்தை மட்டும் எறிந்து பழகட்டும்.