கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. ஃபார்மட் செய்துதான் ஆகவேண்டும், 1,500 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்காமல், விண்டோஸில் இருப்பதை வைத்தே சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். நான் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. நங்கநல்லூரில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன்: கல்யாணப் பத்திரிகை, டியூஷன் சென்டர் வினாத்தாள், கும்பாபிஷேக நோட்டீஸ். ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் கையில் இருந்த நேரத்தில் என் கம்ப்யூட்டருக்கும் இதே கதி வந்தது. சிபியுவை ஆட்டோவில் ஏற்றி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லாததால்தான் நானே உட்கார்ந்து சரிசெய்தேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். திரையின் வலது மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்’ என்று அறிவிப்பு எட்டிப் பார்க்கிறதா? பல வீடுகளில் அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் ‘அறிவிப்பு அனுப்பலாமா’ என்று கேட்டபோது யாரோ ‘அலோ’ என்று அழுத்தியிருப்பார்கள். குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக நிற்கும். தெரியாத பெயர்களை நீக்கினால் வேலை முடிந்தது. இதற்குப் போய் ஃபார்மட் செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல.

என் வீட்டில் நடந்தது அது அல்ல. அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். “சித்தி, இவ்வளவு விலை உள்ள டிசைன் மென்பொருளைச் சும்மாவே போட்டுத் தருகிறேன்” என்று, காசு கட்டாமலே மென்பொருளைத் திறந்துவிடும் திருட்டு நிரலான ஒரு கிராக்கை இறக்கினான். நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி அதுவே கேட்டது. அணைத்தான். கிராக் என்றால் அப்படித்தான் கேட்கும் என்று எனக்கு விளக்கமும் சொன்னான். இரண்டு நாளில் ஒன்றுமே திறக்காதபோதும் மின்விசிறி இரைந்தது. கூகுளில் தேடினால் வேறொரு தேடுபொறி வந்து நின்றது.

விண்டோஸ் 8 வந்த 2012 முதல் முழு ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. அதுதான் டிஃபெண்டர். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து குயிக் ஸ்கேன் கொடுத்தேன். சில நிமிடங்களில் அச்சுறுத்தல் எதுவும் இல்லை என்று பச்சைக் குறி காட்டியது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் பச்சை. மின்விசிறி மட்டும் இரைந்துகொண்டே இருந்தது.

அந்தப் பச்சைக் குறியை நம்பித்தான் ஒரு நாளை வீணாக்கினேன். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸ் என்று சிறியதாக ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து கடைசிவரை இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு தலைப்பு. ‘இந்த இடங்களைச் சோதிக்காதே’ என்று டிஃபெண்டருக்கு நாம் கொடுக்கும் விலக்குப் பட்டியல் அது. என் வாழ்நாளில் அந்தப் பக்கம் போனதில்லை, ஆகவே காலியாக இருக்க வேண்டும். அங்கே ஒற்றை வரி இருந்தது: சி டிரைவ். ஒரு ஃபோல்டர்கூட அல்ல, முழு சி டிரைவும் விலக்கப்பட்டிருந்தது! காவல்காரரின் கண்ணைக் கட்டிவிட்டு, திருடன் வந்தானா என்று நான் இரண்டு முறை அவரிடமே கேட்டிருக்கிறேன். நிறுவும்போது நிர்வாகி அனுமதிக்கு ‘யெஸ்’ என்று அழுத்தினோம் அல்லவா, அந்த அனுமதியில் கிராக்தான் சி டிரைவைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்த வரியை நீக்கி, அதே பக்கத்தில் ரியல் டைம் புரொடெக்ஷனும் (எந்நேரமும் காவல் காப்பது) டேம்பர் புரொடெக்ஷனும் (டிஃபெண்டரின் அமைப்புகளை வேறு நிரல்கள் மாற்றாமல் தடுப்பது) இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். அடுத்த நிமிடமே சிவப்பு எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிவப்பைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்தது அன்றுதான்.

லேப்டாப்போடு வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் ஒன்று காலாவதியாகிக் கிடந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். வேறொரு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும்.

பிறகு ஸ்கேன். புதிய வைரஸ் விவரங்களை டிஃபெண்டர் இறக்கிக்கொள்ள இன்டர்நெட் வேண்டும். அப்டேட் முடிந்ததும் வைஃபையைத் துண்டித்துவிடுங்கள். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் நான்கு வகை இருக்கும். நான் எப்போதும் கடைசியில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனுக்கே போவேன். விண்டோஸ் ஓடும்போது அதோடு சேர்ந்து ஓடும் வைரஸ், தன்னை மறைத்துக்கொள்ளவோ நீக்கவிடாமல் அடம்பிடிக்கவோ முடியும். ஆஃப்லைன் ஸ்கேன் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, வழக்கமான விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும். அந்த நேரத்தில் வைரஸ் வெறும் கோப்பாகக் கிடக்கும். 15 நிமிடம் என்கிறது மைக்ரோசாஃப்ட். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள என் கம்ப்யூட்டருக்கு அரை மணி ஆனது. திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேமித்துவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிவிடும். என்ன பிடிபட்டது என்பதைப் பிறகு புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் பார்க்கலாம்.

அதன்பின் ஃபுல் ஸ்கேன். காலையில் தொடங்கினேன், சமையல் முடித்து, சாப்பிட்டு, பாத்திரமும் தேய்த்த பிறகுதான் முடிந்தது. இன்னொரு பார்வை வேண்டுமென்றால் விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, எம், ஆர், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். 2005 முதல் மைக்ரோசாஃப்ட் தரும் நீக்கும் கருவி திறக்கும். பரவலான சில வைரஸ் குடும்பங்களை மட்டுமே அது தேடும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்தும் ஒரு கறுப்புச் சன்னல் அவ்வப்போது மின்னி மறைந்தது. வைரஸின் கோப்பு போய்விட்டது; ‘அவ்வப்போது அதை ஓட்டு’ என்று அது எழுதிவைத்த கட்டளை போகவில்லை. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, அதன் லைப்ரரி பட்டியலில் அர்த்தமில்லாத எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு வேலையைக் கண்டேன். எந்தக் கோப்பை இயக்குகிறது என்று ஆக்ஷன்ஸ் பகுதியில் பார்த்து, அந்தக் கோப்பே இல்லை என்று உறுதியானதும் நீக்கினேன். மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டருக்குள் இருப்பவற்றில் கைவைக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியையும், பிரவுசரில் எக்ஸ்டென்ஷன்களையும் (பிரவுசரோடு ஒட்டவைக்கும் துணை நிரல்கள்) ஒரு பார்வை பாருங்கள். என் தேடுபொறியை மாற்றியது ஒரு எக்ஸ்டென்ஷன்தான். குரோமிலேயே முன்பு ஒரு சுத்தம் செய்யும் கருவி இருந்தது; 2023இல் எடுத்துவிட்டார்கள், பழைய வீடியோக்களைப் பார்த்து அதைத் தேடி அலையாதீர்கள்.

கம்ப்யூட்டரைவிட அவசரமான விஷயம் பாஸ்வேர்டு. கிராக்கோடு வருபவற்றில் பல, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நாம் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கீகளையும் வாரிக்கொண்டு போகும் வகை. வைரஸை நீக்கினாலும் போனது போனதுதான். ஆகவே ஸ்கேன் ஓடும்போதே, அந்தக் கம்ப்யூட்டரில் அல்லாமல் போனில், மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதலிலும் வங்கியை அடுத்ததாகவும் மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யும் வசதியையும் அழுத்துங்கள்; குக்கீ திருடப்பட்டிருந்தால் அதை வைத்தே உள்ளே நுழைய முடியும், ஓடிபிகூடக் கேட்காது. பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவில் கோப்புகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் பதற வேண்டாம். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டை மட்டும் சொடுக்காதீர்கள், அதுதான் வைரஸை ஓட்டும். பென் டிரைவின் மேல் வலது சொடுக்கி டிஃபெண்டரால் ஸ்கேன் செய்துவிட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொல்லுங்கள். எனக்கு ஒருமுறை பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் ஒரு முகூர்த்தத்தின் பத்திரிகைகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

உங்கள் விண்டோஸ் எது என்று நீங்கள் சொல்லவில்லை. 10 என்றால் அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் விவரங்கள் இன்னும் வருகின்றன, ஆனாலும் விண்டோஸின் ஓட்டைகளை அது அடைக்காது.

இத்தனைக்குப் பிறகும் அதே வைரஸ் திரும்பத் திரும்ப வந்தால், அடம்பிடிக்க வேண்டாம். படங்கள், ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, செட்டிங்ஸில் ரிகவரிக்குள் ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங், கிளவுட் டவுன்லோடு என்று தேர்ந்தெடுங்கள். 4 ஜிபிக்கு மேல் இறங்கும், ஆகவே போன் ஹாட்ஸ்பாட்டில் செய்யாதீர்கள். கடையில் 1,500 ரூபாய்க்குச் செய்யப்போவதும் ஏறக்குறைய இதேதான்.