அம்மாவின் முழங்காலும் பாரிஸ் வாடகை வீடும்

தம்பி, பிரான்ஸின் தெற்கே துலூஸ் நகரத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஜூலையில் மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், முதல் எட்டு இரவு பாரிஸில் ஒரு வீடு எடுத்துத் தங்கிவிட்டு அப்புறம் துலூஸ் போகலாம் என்று இருக்கிறோம் என எழுதியிருந்தீர்கள். ஈபெல் கோபுரத்துக்குப் பக்கத்திலா, மாரே பகுதியிலா, இல்லை நம் கடைகள் இருக்கிற லாச்சப்பலிலா என்பது உங்கள் கேள்வி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

நான் காரைக்கால்காரன். 1998-இல் இங்கே வந்தேன். முதல் பத்து வருடம் லாச்சப்பலில் குடியிருந்தேன், இப்போது கிரெத்தேயில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் வீடு பார்த்துக் கொடுக்கும் வேலை என் தலையில்தான் விழும். பல தடவை தப்பாகவும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த ஊரில் வயதானவர்களுக்கு வீடு எடுக்கும்போது எதற்குப் பக்கம் என்று பார்க்காதீர்கள். எத்தனை படி என்று பாருங்கள். வீட்டுக்குள் எத்தனை, ரயிலுக்கு எத்தனை என்று இரண்டையும்.

பாரிஸ் மெட்ரோ 1900-இல் ஓடத் தொடங்கியது. படி இறங்கி, நீளமான குகைவழியில் நடந்து, மறுபடி படி ஏறுவதுதான் அதன் குணம். லிஃப்ட் வைத்து முழுவதும் படியில்லாமல் போகக்கூடிய தடம் என்றால் 14-ஆம் தடம் ஒன்றுதான். மற்றவற்றில் வண்டி மாறும் இடமெல்லாம் முழங்காலுக்குச் சோதனை. பேருந்து அப்படி இல்லை, தாழ்வான தரை, ஏறி உட்கார்ந்தால் ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆகவே வீட்டு வாசலில் மெட்ரோ இருக்கிறதா என்பதைவிட நல்ல பேருந்து ஒன்று ஓடுகிறதா என்பது உங்களுக்கு முக்கியம்.

வீட்டுக்குள் இருக்கும் படி இன்னும் மோசம். என் மச்சான் ஒருமுறை எனக்குச் சொல்லாமலே வீடு பதிவு செய்துவிட்டார். விளம்பரத்தில் "ஆறாவது" என்று பிரெஞ்சில் இருந்ததைப் பார்த்து, ஆறாம் வட்டாரம் (பாரிஸை எண் போட்ட வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள்), லுக்சம்பூர் தோட்டத்துக்குப் பக்கம், மலிவாகக் கிடைத்துவிட்டது என்று ஒரே சந்தோஷம். அது ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பழைய கட்டடங்களில் உச்சி மாடி என்பது வேலைக்காரப் பெண்கள் படுத்துறங்கிய அறைகள், அதற்கு மேலே துத்தநாகத் தகட்டுக் கூரை. ஜூலை வெயிலில் அது தோசைக்கல். இங்கே வீடுகளில் ஏசி அபூர்வம். மச்சானும் அக்காவும் மூன்று நாள் தாக்குப்பிடித்துவிட்டு என் வீட்டுக் கூடத்தில் வந்து படுத்தார்கள்.

அதனால் விளம்பரத்தில் "ஆசான்சர்" (ascenseur) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள், லிஃப்ட் அதுதான். இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். மாடிப்படி வளைவுக்கு நடுவே பிற்பாடு செருகிய லிஃப்ட் பல இடங்களில் இருக்கிறது, இரண்டு பேர் நின்றால் பெட்டிக்கு இடமில்லை. சில கட்டடங்களில் அது அரை மாடியில் நிற்கும், மீதிக்குப் படி. "தெருவிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி?" என்று வீட்டுக்காரரிடம் எழுத்திலேயே கேளுங்கள். நல்ல வீட்டுக்காரர் எண்ணிச் சொல்வார். "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம், அறைக் கணக்கு. இரண்டு "பியேஸ்" என்றால் நம்மூர் டபுள் பெட்ரூம் இல்லை. கூடத்தையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள், சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. அதாவது ஒரு கூடம், ஒரு படுக்கையறை. "நான்கு பேர் தங்கலாம்" என்று போட்டிருந்தால் அதில் இரண்டு பேர் சோபாவை விரித்துப் படுக்க வேண்டும். உங்கள் மூவருக்கு இரண்டு பியேஸ் போதும், சோபாவில் நீங்கள் படுங்கள். அடுப்பு இண்டக்‌ஷனா என்றும் கேளுங்கள். அம்மா கொண்டுவரும் அலுமினியக் குக்கர் அதில் சூடே ஏறாது. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு மக்கு வாங்கி வைத்துவிடுங்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். ஈபெல் பக்கம், அதாவது 7-ஆம் வட்டாரம், அழகுதான், வாடகை அதிகம். கோபுரத்தைப் பார்க்க ஒரு மாலை போதும், அதற்காக எட்டு இரவு அங்கே பணம் கொட்ட வேண்டுமா? மாரே, இளவட்டங்களுக்கு. பழைய கட்டடம், குறுகலான சுழல் படி, ஜன்னலுக்குக் கீழே நள்ளிரவு தாண்டியும் மதுக்கடைப் பேச்சு.

லாச்சப்பலைப் பற்றிச் சொல்ல எனக்கே சங்கடம், அது என் பேட்டை. 10-ஆம் வட்டாரமும் 18-ஆம் வட்டாரமும் உரசுகிற இடம். புடவைக்கடை, நகைக்கடை, வாழை இலை, முருங்கைக்காய், எல்லாம் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஐந்து நிமிட நடையில். பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோவில். பகலில் அம்மாவுக்கு மதுரையின் ஒரு துண்டு மாதிரி இருக்கும். ஆனால் ரயில் நிலையத்தைச் சுற்றி எப்போதும் நெரிசல், பையிலும் போனிலும் கை வைக்கிறவர்கள் உண்டு, ராத்திரி பக்கத்து ஸ்தாலின்கிராத் சதுக்கத்தில் போதைப் புழக்கம் உண்டு. எனக்கு அங்கே ஒன்றும் ஆனதில்லை, பத்து வருடம் நிம்மதியாக இருந்தேன். ஆனாலும் மொழி தெரியாத இரண்டு பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்க அது தோதான இடம் இல்லை. லாச்சப்பலுக்குச் சாப்பிடப் போங்கள், தங்க வேண்டாம்.

என் யோசனை 14-ஆம் வட்டாரம், தான்ஃபேர்-ரோஷ்ரோ சதுக்கத்தைச் சுற்றி. நடுவில் பெரிய சிங்கச் சிலை இருக்கும், வழி தவறினால் அப்பா அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார். பக்கத்தில் தகேர் தெரு. அதில் ஒரு பகுதி நடப்பவர்களுக்கு மட்டும். காய்கறி, பழம், மீன், ரொட்டிக்கடை வரிசையாக. ஜூலையில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை, பத்து மணி ஆகிவிடும். எட்டரைக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு வெளிச்சத்திலேயே அவர்கள் இருவரும் தனியாக ஒரு நடை போய் வரலாம். நீங்கள் கூடப் போக வேண்டியதில்லை, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் வண்டி மாறாமல் அங்கே வந்து நிற்கும். ஆனால் கோடையில் தண்டவாள வேலை என்று சில நாள் நிறுத்துவார்கள், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். 2025 கணக்கில் விமான நிலைய டிக்கெட் ஆளுக்கு 13 யூரோ, மூன்று பேருக்கு 39. டாக்சிக்கு அரசு வைத்த ஒரே கட்டணம், 14-ஆம் வட்டாரம் இருக்கும் சேன் ஆற்றின் இடது கரைக்கு அதே 2025-இல் 65 யூரோ. நீண்ட பயணக் களைப்பு, பெட்டிகள், முழங்கால். டாக்சியே எடுங்கள். வெளியே வரிசையில் நிற்கும் டாக்சியில் மட்டும் ஏறுங்கள், உள்ளே வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர் பின்னால் போகாதீர்கள். துலூஸ் ரயில் மோம்பர்னாஸ் நிலையத்திலிருந்து கிளம்புகிறது, அதுவும் அங்கிருந்து கிட்டத்தில்தான்.

அப்புறம் அந்தப் பேருந்து, 38-ஆம் எண். தான்ஃபேரில் ஏறினால் லுக்சம்பூர் தோட்டம், நோத்ர்தாம் தேவாலயம் இருக்கும் தீவு, எல்லாம் கடந்து கார் து நோர் போய்விடும். 2019 தீ விபத்துக்குப் பின் நோத்ர்தாம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தாயிற்று. காலையில் தேவாலயம், மதியம் லாச்சப்பலில் சாப்பாடு, சாயங்காலம் அதே பேருந்தில் திரும்பல் என்று ஒரு நாளையே படி இல்லாமல் முடிக்கலாம். பேருந்து டிக்கெட்டும் மெட்ரோ டிக்கெட்டும் இப்போது வேறு வேறு, ஒன்றை மற்றதில் பயன்படுத்த முடியாது. வார பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும்தான். வியாழன் வந்து இறங்கிவிட்டு அதை வாங்கினால் நஷ்டம்.

அங்கே வீடு அமையாவிட்டால் 15-ஆம் வட்டாரத்தில் கொமேர்ஸ் தெருப் பக்கம், இல்லை 12-இல் தோமெனில் பக்கம் தேடலாம். இரண்டும் குடும்பங்கள் வாழ்கிற அமைதியான இடங்கள்.

பணம் கட்டும் முன் விளம்பரத்தில் வீட்டை அரசிடம் பதிவு செய்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். நான் இதுவரை பார்த்த வீடுகளில் அது எண்ணும் எழுத்துமாக 13 இடம், 751 என்று தொடங்கியது, அடுத்த இரண்டு இலக்கம் வட்டாரம். 75114 என்றால் 14. விளம்பரத்தில் 14 என்று சொல்லிவிட்டு எண் வேறு வட்டாரத்தைக் காட்டினால் ஏன் என்று கேளுங்கள். எண்ணே இல்லை, வீடு பதிவு செய்யும் இணையதளத்துக்கு வெளியே பணம் அனுப்பு என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். விசா கையில் வரும் வரை ரத்து செய்யக்கூடிய பதிவாகவே வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை.

இரண்டு மூன்று வீடு பொறுக்கி, படி எண்ணிக்கை கேட்டு வாங்கியதும் தெருப் பெயரை எனக்கு அனுப்புங்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போய் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.