மோட்டார்ஹோமின் வாசல் பூட்டு ஆடினால்

தம்பிக்கு வணக்கம். சங்கரன்கோவிலிலிருந்து கனடாவின் ஆல்பர்ட்டாவுக்கு வந்து முதல் குளிர்காலத்தைக் கடந்திருக்கும் நீங்கள், படுக்கை, சமையலறையோடு வீடு போலவே ஓடும் பழைய மோட்டார்ஹோம் வண்டி ஒன்றை வாங்கியிருப்பதாகவும், அதன் வாசல் கதவின் பூட்டு கைப்பிடியோடு சேர்ந்து ஆடுவதாகவும், சரளைச் சாலையில் போகும்போது கதவு தானாகத் திறந்துகொள்ளுமோ என்று வீட்டில் பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "புதுப் பூட்டே வாங்கிப் போட்டுவிடட்டுமா அண்ணாச்சி, இல்லை இதையே நன்றாக முறுக்கி இறுக்கினால் போதுமா?" என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்; பூட்டின் மேல் குற்றம் இருப்பது குறைவு.

விடுமுறைக்குக் கல்லிடைக்குறிச்சி வந்திருக்கும் நான் இதை இங்கிருந்துதான் எழுதுகிறேன். இங்கே தெருக்கதவு ஆடினால் ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினால் போதும். அவர் கீலைப் பார்த்து, நிலையைப் பார்த்து, ஓர் ஆப்பை அடித்துவிட்டுக் காப்பி குடித்துப் போவார். அங்கே பணிமனைக்குக் கொண்டுபோனால் மணிக்கூலியே நூறு டாலரைத் தாண்டும். கோடையில் முறை வருவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். ஆகவே அந்த ஊரில் ஆசாரியும் நாமேதான்.

நம் வீட்டுத் தேக்குக் கதவை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கதவைத் தொடாதீர்கள். இரண்டு அப்பளங்களுக்கு நடுவே தெர்மாகோலை வைத்து ஒட்டினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் இருக்கும் இது: வெளியே ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியத் தகடு, உள்ளே ஒரு மெல்லிய பலகை, இடையில் நுரை, சுற்றிலும் அலுமினியச் சட்டம். பூட்டின் வெளிப்பாகமும் உள்பாகமும் இந்தக் கதவை இருபுறமிருந்தும் கவ்விக்கொண்டு நிற்கின்றன; உள்ளேயிருந்து செலுத்திய சில திருகுகளே அந்தப் பிடிக்கு ஆதாரம். பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் நுரை அமுங்கும், தகடு குழியும், திருகின் மரை போய்விடும். அதன்பிறகு புதுப் பூட்டு போட்டாலும் அதுவும் ஆடும்.

சாலையின் அதிர்ச்சியால் திருகு தளர்வது உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை பெரிய காரணம் வேறு. மோட்டார்ஹோமின் படி உயரமானது. ஏறுகிற ஒவ்வொருவரும் திறந்திருக்கும் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியே உடம்பை மேலே தூக்கிக்கொள்கிறார்கள். ஆள் பாரம் முழுவதும் அந்தச் சில திருகுகளில் இறங்குகிறது. வாசலுக்குப் பக்கத்தில் வண்டியின் உடம்பிலேயே ஒரு பிடிகம்பி இருக்கும். அதைப் பிடித்து ஏறும்படி வீட்டில் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் இப்போது செய்யப்போகிற வேலை ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

சோதனைக்கு, கதவைப் பாதி திறந்து, கைப்பிடி இருக்கும் விளிம்பின் அடியில் கையைக் கொடுத்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். கீல் பக்கம் அசைந்தால் கதவே தொங்கியிருக்கிறது. கீலின் திருகுகளை இறுக்கிய பிறகே மற்றது. கீல் அசையாமல் கைப்பிடியின் தகடு மட்டும் கதவின் மேல் நகர்ந்தால், பூட்டைக் கவ்வியிருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றன. கைப்பிடி உறுதியாக இருந்து, மூடிய கதவைத் தள்ளும்போது மட்டும் உள்ளும் வெளியும் ஆடினால், பூட்டின் நாக்கு மாட்டிக்கொள்ளும்படி நிலையில் இருக்கும் கொண்டியே இடம் மாறியிருக்கிறது.

திருகுகளில் கை வைப்பதற்கு முன் ஒரு ஜன்னலைத் திறந்துவையுங்கள். பூட்டைக் கழற்றிய நிலையில் காற்றில் கதவு சாத்திக்கொண்டால் உள்ளே போக வேறு வழி வேண்டும். பல வண்டிகளில் திருகின் தலையில் சதுரக் குழி இருக்கும். 1908இல் ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் உருவாக்கிய வகை அது. எந்த ஹார்டுவேர் கடையிலும் அதற்கான திருப்புளி கிடைக்கும், பெரும்பாலும் சிவப்புப் பிடி போட்ட இரண்டாம் எண்ணே பொருந்தும். மின்சாரத் துரப்பணத்தைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு திருகாக வெளியே எடுத்து, மரையைத் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசையில் நீல நிற வகையை ஒரு சொட்டு இட்டுத் திரும்பச் செலுத்துங்கள். சிவப்பு வகையை வாங்கிவிடாதீர்கள். அதைப் பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். நீலமானாலும் பிளாஸ்டிக் மேல் வழியவிடக் கூடாது, சில பிளாஸ்டிக்குகள் அதனால் விரிசல் விட்டுவிடும். எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, தகடு கதவோடு படிந்து ஆட்டம் நின்றதும் நிறுத்திவிடுங்கள். அந்தப் பசை முழுதாக இறுக ஒரு நாள் ஆகும். குளிரில் அதற்கும் மேல்.

திருகைக் கழற்றும்போது அது ஈரமாகவோ, நுனியில் கறுத்த மரத்தூளோடோ வந்தால், பூட்டைச் சுற்றி மழைநீர் இறங்கி, உள்ளேயிருக்கும் மரக்கட்டை உளுத்திருக்கிறது என்று பொருள். அப்போது அவசரப்படாமல் பூட்டை முழுதும் கழற்றி, நன்றாகக் காயவிட்டு, உளுத்ததைச் சுரண்டி, எபாக்சிப் பசையால் நிரப்பியோ புதுக்கட்டை வைத்தோ பொருத்துங்கள். வெளித்தகட்டின் ஓரத்தில் நீர் புகாத பசையும் இட வேண்டும்.

கொண்டி விலகியிருந்தால், வண்டியைச் சமதளத்தில் தன் டயர்களின் மேலேயே நிறுத்திக்கொண்டு பாருங்கள். ஜாக்கின் மேல் நிற்கும் வண்டியின் சட்டம் சற்று முறுக்கிக்கொள்ளும். அந்த நிலையில் சரிசெய்த கொண்டி, சாலையில் இறங்கியதும் மறுபடி பொருந்தாமல் போகும். கொண்டி இப்போது இருக்கும் இடத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்துவிட்டு, தளர்த்தி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இறுக்குங்கள். ஒரு காகிதத் துண்டை ரப்பர் ஓரத்தில் வைத்துக் கதவை மூடி இழுத்தால், அது பிடித்துக்கொண்டு வர வேண்டும். கார் கதவில் இருப்பது போன்ற பூட்டானால் இரண்டு முறை 'டக்' என்று கேட்க வேண்டும்; ஒரு முறையோடு நின்றால் கதவு பாதியே மூடியிருக்கிறது. பயத்தில் உள்ளிருந்து கயிறு போட்டுக் கட்டிவிடாதீர்கள். தீ என்றால் ஓடி வெளியேற வேண்டிய வாசல் அது.

ஊர்ப் பழக்கத்தில் பூட்டுக்குள் தேங்காயெண்ணெய் விடுவோமே, அது அங்கே உதவாது. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய், ஆல்பர்ட்டாவின் மைனஸ் 30இல் பூட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். கிராஃபைட் பொடியோ, உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரேயோ போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பூட்டின் உள்நாக்கு தேய்ந்தோ, கைப்பிடி விரிசல் விட்டோ இருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். பழையதைக் கழற்றிக் கதவிலுள்ள துளையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். காரின் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டிகளில் 2¾ அங்குலத்துக்கு 3¾ அங்குலம் என்பது பரவலான அளவு, மோட்டார்ஹோம்களில் அது வேறுபடும். எப்படியும் சாவி விஷயத்தில் கவனம் வேண்டும்: பழைய வண்டியின் சாவி இன்னும் யாரிடம் இருக்கிறதோ தெரியாது. அடியிலிருக்கும் சாமான் பெட்டிகளின் சாவியில் 'சிஎச்751' என்று பொறித்திருந்தால், அதே சாவி எண்ணற்ற வண்டிகளின் பெட்டிகளைத் திறக்கும். பாஸ்போர்ட்டையும் குடியேற்றத் தாள்களையும் அந்தப் பெட்டிகளில் வைக்காதீர்கள். அந்தச் சிறு பூட்டுகளை முதலில் மாற்றிவிடுங்கள்.