மணிக்கட்டில் ஷாக் வைத்தால் கட்டைவிரல் ஏன் துள்ளுகிறது?

கேள்வி: தாராவியில் தோல் பை தைக்கிறேன். ராத்திரியில் விரல்கள் மரத்துப்போகின்றன என்றதும் டாக்டர் நரம்பு டெஸ்டுக்கு அனுப்பினார். மணிக்கட்டில் ஷாக் வைத்ததும், நான் அசைக்காமலே கட்டைவிரல் துள்ளியது. கரண்ட் நரம்புக்குள் ஓடியதா? நரம்பு கெட்டுவிடாதா?
— ஒரு வாசகர், மும்பை

பதில்: ஓடியது எங்கள் கரண்ட் இல்லை அண்ணாச்சி, உங்கள் நரம்பே எழுப்பிய துடிப்பு. சயானில் தினமும் இந்த டெஸ்ட் எடுக்கிறவள் நான். பயந்துகொண்டே கையை நீட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

நரம்பிழை சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். மணிக்கட்டில் வைத்து அழுத்தினோமே, அந்தக் கருவிக்கு இரண்டு முனைகள். எதிர்மின் முனை, இழைக்கு வெளியே இருக்கும் நேர்மின்னூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. வித்தியாசம் குறைந்து 55 வாக்கில் வந்ததும் சவ்விலுள்ள சோடியம் வாசல்கள் சட்டென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் அடுத்த வாசல்களைத் திறக்கிறது. இப்படியே கட்டைவிரல் தசை வரை. எங்கள் ஷாக் 0.2 மில்லிசெகண்டில் முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் நரம்பின் வேலை. கணவாயின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து 1952இல் விளக்கிய ஹாட்ஜ்கினுக்கும் ஹக்ஸ்லிக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு அத்தாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது. மணிக்கட்டில் ஷாக் வைத்தால் 3, 4 மில்லிசெகண்டு கழித்துத்தான் தசை துள்ளும். முழங்கையில் வைத்தால் இன்னும் 4 கூடும். கரண்டே ஓடியிருந்தால் இவ்வளவு தாமதம் ஆகாது. நடுவே டேப் வைத்து அளந்தோம் இல்லையா, அது 22 செ.மீ. என்றால் வேகம் செகண்டுக்கு 55 மீட்டர். நல்ல வேகம்தான்.

அப்புறம், ஷாக்கைக் கூட்டிக்கொண்டே போனது எதற்கு என்று பலர் கோபப்படுவார்கள். ஓர் இழை துடித்தால் முழுசாகத் துடிக்கும், இல்லையென்றால் இல்லை. ஷாக்கைக் கூட்டினால் இன்னும் பல இழைகள் சேர்கின்றன, அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து, தசையின் துள்ளலைக் காட்டித் திரையில் எழும் மேடு இனி வளராது என்று தெரியும்வரை கூட்டுவோம். கடைசி அடிகள் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நரம்பு கெடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட்டில் அந்த மணிக்கட்டுத் தாமதத்தைப் பாருங்கள். 4.5 மில்லிசெகண்டைத் தாண்டியிருந்தால், நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்படுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை போடலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.