யோகா வகுப்பில் தூங்கிய இருவர்

கேள்வி: வடசென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவத் துறை இணைப் பேராசிரியராக இருக்கிறேன். ஆசிரியர்கள், முதுநிலை மாணவர்கள், செவிலியர்கள் எல்லோருக்குமான நலக் குழுவின் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நிதி கிடையாது. புதன்கிழமை மாலை யோகா வகுப்பு வைத்தோம். ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இருவர் சவாசனத்திலேயே தூங்கிவிட்டார்கள். வேறு என்னதான் செய்வது? இதற்கிடையில், என் யூனிட்டின் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி சில வாரங்களாக ஆளே மாறிப்போயிருக்கிறாள். எனக்கும் இப்போதெல்லாம் சட்டென்று கோபம் வந்துவிடுகிறது.

பதில்: போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாணவியிலிருந்து தொடங்குகிறேன். குழுவும் நிதியும் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.

ரவுண்ட்ஸ் முடிந்து வார்டு ஓய்ந்தபின், கதவைச் சாத்த முடிகிற ஓர் அறையில் அவளிடம் பேசுங்கள். ஆய்வேட்டைத் திருத்தும் அதே மேசைக்கு இரு பக்கமும் உட்கார வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “முன்பெல்லாம் கேஸ் சொல்ல நீதான் முதலில் வருவாய். மூன்று வாரமாகச் சுவரோரம் நிற்கிறாய். என்னம்மா?” பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் நமக்கு மிகவும் கடினம். “எங்கள் காலத்தில் 36 மணி நேரம் நின்றோம்” என்ற பாட்டு நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாமல், அன்றே ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வையுங்கள். நீங்கள் அவளுடைய சீஃப். சிகிச்சை உங்கள் வேலை அல்ல. சொந்தக் கல்லூரியின் மனநல ஓ.பி.யில் ஜூனியர்கள் கண்முன் சீட்டுப் போட்டு உட்கார வைப்பதும் வேண்டாம்; வெளியே ஏற்பாடு செய்யுங்கள். சிகிச்சை விவரம் வெளியே போகாமல் இருப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. அதை நீங்கள் சொல்லித்தான் அவள் நம்புவாள். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இனி யோகா. தூங்கிய அந்த இருவரும்தான் உங்கள் கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது தூக்கம்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுத் தொகுப்பான ஐ.சி.டி.யின் 11-ஆம் பதிப்பில் ‘பர்ன் அவுட்’டை நோயாகக் கருதவில்லை. பணியிட நெருக்கடி நெடுநாள் தீர்க்கப்படாமல் கிடந்தால் வரும் நிலை என்கிறது: சோர்ந்துபோவது, வேலையின்மேல் கசப்பு வருவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது. கோளாறு பணியிடத்தில் இருக்கும்போது மருந்தை மட்டும் ஆளுக்குக் கொடுத்தால் எப்படி?

ஆகவே முதலில் டியூட்டி பட்டியலை எடுங்கள். உங்களுக்கு நிதி இல்லாமல் இருக்கலாம், யூனிட்டின் பட்டியலில் உங்கள் சொல் எடுபடும். 1992-லேயே மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் பயிற்சி நிலை மருத்துவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதிவைத்தது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணியைத் தாண்டாதீர்கள் என்று பரிந்துரைத்தது. 48 எப்படி 74 ஆனது என்பதிலேயே நம் கதை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு உங்கள் பிள்ளைகள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு நோட்டில் பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாள் காலை எட்டு மணிக்கு வந்தவர் மறுநாள் மாலைதான் கிளம்பினார் என்பதை உங்கள் கண்ணாலேயே படிப்பீர்கள். டீனிடம் ஆள் கேட்டுப் போகும்போதும் அந்த நோட்டுதான் பேசும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வண்டி ஓட்ட நம் சட்டம் விடுவதே 0.03 வரைதான். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒருநாள் டியூட்டி முடித்து ஸ்கூட்டரில் போனேன். தண்டையார்பேட்டை சிக்னலில் ஒரு காலை ஊன்றி நின்றது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, பின்னால் நின்ற கண்டெய்னர் லாரியின் ஹாரன். இறங்கி வந்த டிரைவர் திட்டவில்லை, “டாக்டரா? ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்குங்கள்” என்றார். எனக்கு நலவாழ்வு ஆலோசனை சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அதனால், அட்மிஷனுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குள் நோயாளிகளை அடுத்தவரிடம் முழுமையாக ஒப்படைப்பது, நண்பகலுக்குள் வீடு என்று வைத்துப் பாருங்கள். ஆள் பற்றாது என்பீர்கள். சரி, மூன்றில் ஒருவரையாவது முறைவைத்து அனுப்புங்கள். வண்டியை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்; 2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. இரவில் 20 நிமிடக் குட்டித் தூக்கத்தை விதியாகவே ஆக்குங்கள், போனை வேறொருவர் வாங்கிக்கொள்ளட்டும். அரை மணியைத் தாண்டினால் எழுந்ததும் மந்தமாக இருக்கும். ஊசி போடும் வேலைக்கு அது ஆகாது. அதற்கு முன் ஒருமுறை அதிகாலை மூன்று மணிக்கு நீங்களே டியூட்டி அறைக்குள் போய்ப் பாருங்கள். பெண்கள் அறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா? கழிவறையில் தண்ணீர் வருகிறதா? கொசுவலை? நிதியில்லாத குழுவாலும் ஒரு தாழ்ப்பாள் வாங்க முடியும்.

குழு என்றதும் டாக்டர்களோடு நின்றுவிடாதீர்கள். எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்ணுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழகத்தில் சட்டத் திருத்தமே வந்தது. இரவு முழுக்க ஒற்றை ஆளாக வார்டைச் சுமக்கும் சிஸ்டருக்கும், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் உங்கள் வார்டில் நாற்காலி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

வார்டில் ஒரு சாவு, குறிப்பாக இளவயதுச் சாவு நடந்தால், அன்றே பத்து நிமிடம் எல்லோரும் உட்காருங்கள், ஆயாம்மா உட்பட. டீ வரவழையுங்கள். யார் தவறு என்பது இறப்புத் தணிக்கையின் வேலை. அதை இங்கே கொண்டுவராதீர்கள். “அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்” என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். யாரும் பேசாவிட்டாலும் டீயைக் குடித்துவிட்டுப் போகலாம். நோயாளியின் உறவினர்கள் முன்னால் ஜூனியரைத் திட்டும் வழக்கம் இருந்தால், அதை நிறுத்துவதற்குச் செலவே இல்லை. திட்ட வேண்டியதை உள்ளே கூப்பிட்டுத் திட்டுங்கள். இன்று சீஃபிடம் குட்டுப்பட்டவரை நாளை அதே உறவினர்கள் மிரட்டுவார்கள்.

கடைசியாக, உங்கள் கோபம். வகுப்பு, ஓ.பி., ஆய்வேடு, மருத்துவ ஆணையத்தின் சோதனை, சாட்சி சொல்ல நீதிமன்றம் என்று ஓடும் ஆசிரியருக்கும் மேலே பர்ன் அவுட்டுக்குச் சொன்ன மூன்றும் வரும். எரிச்சல் பெரும்பாலும் இரண்டாவதான கசப்பின் முகம். விட்டுப்போன தற்செயல் விடுப்பை எடுங்கள், அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி; நீங்கள் எடுத்தால்தான் அவர்கள் கேட்கத் துணிவார்கள். இரவு ஒன்பதுக்கு மேல் யூனிட் வாட்ஸ்அப் குழுவில் அவசரமில்லாத எதையும் போடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் தூக்கமோ கோபமோ சரியாகாவிட்டால், அந்த மாணவிக்குச் சொன்னதுபோல நீங்களும் வெளியே ஒருவரைப் பாருங்கள்.

யோகாவை நிறுத்த வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். தூங்குகிறவர்களை எழுப்பாதீர்கள்.